இட்லி எழுத்தில் ஒரு தாய்மாமன்

நான் வேலையை விட்டு நின்ற அன்று, கடைப் பிள்ளைகள் வாசலில் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். "விசாலாட்சி அக்காவுக்கு அன்பான பிரியாவிடை" என்று ரோஸ் நிறத்தில் ஊதிப் பெருத்த எழுத்து. சுற்றிலும் நீல ஓரம். ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் எண்ணெய் தடவியது போல ஒரு வெள்ளைப் பளபளப்பு. மூலையில் இரண்டு பலூன், ஒரு கரடி பொம்மை. மூக்குக் கண்ணாடி போட்ட அறுபது வயதுக்காரியின் படத்துக்குப் பக்கத்தில் கரடி பொம்மை எதற்கு என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. ரோட்டில் போனவர்கள் எனக்கு முதல் பிறந்தநாள் என்று நினைத்திருப்பார்கள். மொட்டையடித்துக் காது குத்துவதுதான் பாக்கி.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? உங்களுக்குப் பிடிச்ச எழுத்துன்னுதானே போட்டோம்" என்றான் பிரகாஷ். கடையில் இப்போது டிசைன் பார்ப்பவன் அவன்தான்.

"எனக்குப் பிடிக்கும்னு எந்த மடையன் சொன்னான்?"

"கஜேந்திரன் போர்டு நீங்க பண்ணதுதானேக்கா? நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கு மொதலாளி அதத்தான் எனுக்குக் காட்னாரு. பலூன் எழுத்துல அத்த அடிச்சிக்க ஆளே இல்லன்னு இன்னிக்கும் கஸ்டமருக்குக் காட்டிகினு கீறோம்."

அவன் சொன்னது பொய்யில்லை. அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் கட்டப்பட்ட போர்டுகளிலேயே மிகக் கொழுத்த எழுத்து உள்ளது அதுதான், அதைச் செய்தவளும் நான்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க அந்த எழுத்தைத் திட்டித் தீர்த்தவள் அந்தப் போர்டை ஏன் செய்தாள் என்று எவரும் கேட்டதில்லை. கேக்கை வெட்டி, சால்வையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன், பிரகாஷ் படித்துக்கொள்ளட்டும்.

என் அப்பா ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். நான் டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தேன். அம்பத்தூரில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கும் நோட்டீஸுக்கும் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்தேன். ஃப்ளெக்ஸ் மெஷின் வந்ததும் அச்சகம் படுத்துவிட்டது, நான் மெஷின் இருந்த இடத்துக்குப் போனேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான், அதில் சுவாரசியம் ஒன்றும் கிடையாது.

மெஷின் வைத்திருந்தவர் தணிகாசலம். அம்பத்தூரின் பழைய குடும்பம். அப்பா காலத்து நெல் வயல் இருந்த இடத்தில் இப்போது அவருடைய கடையும், கடைக்குப் பின்னால் நாலு மாடி அப்பார்ட்மென்டும் நிற்கின்றன. வாயில் எப்போதும் பாக்கு. பேச வேண்டியிருந்தால் முதலில் பாக்கை ஒரு கன்னத்துக்கு ஒதுக்க வேண்டும், அந்தச் சிரமத்துக்காகவே முக்கால்வாசி நேரம் பேசமாட்டார். "செரி" என்ற ஒரே வார்த்தையை வைத்துத் தொழில் நடத்தினார். டிசைன் நன்றாக இருந்தாலும் "செரி", கழுத்தை அறுக்கிற மாதிரி இருந்தாலும் "செரி". எந்தச் "செரி" எது என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது.

ஆனால் ஒரு விஷயத்தில் மனுஷர் பிடிவாதக்காரர். எந்தப் போர்டும் மெஷினுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பெரிய தாளில் மாதிரி எடுத்து, கடை வாசல் சுவரில் ஒட்டுவார். கஸ்டமர் அதைக் கிட்டே நின்று பார்க்கக் கூடாது. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும். எம்.எல்.ஏ. ஆளாக இருந்தாலும் சரி, ரோட்டைத் தாண்டித்தான் ஆகவேண்டும். "அங்கருந்து இன்னா தெரீதோ அதான் போர்டு" என்பார். அவர் வாயிலிருந்து வந்த நீளமான வாக்கியம் எனக்குத் தெரிந்து அதுதான். அந்த ரோட்டில் பஸ்ஸும் தண்ணீர் லாரியும் வருகிற வரத்தில், தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் பாதிப் பேருக்குத் திமிர் இறங்கிவிடும். போய்ப் பார்த்து வந்து சரி என்று சொன்னபிறகு வாய் மாறக் கூடாது. மாறினால் மறுபடி அடிக்கிற ஃப்ளெக்ஸுக்கும் அவர்களே துட்டுக் கொடுக்க வேண்டும். இதுதான் கடைச் சட்டம்.

இப்போது அந்த எழுத்துக்கு வருகிறேன். முதலில் இங்கிலீஷில் மட்டும்தான் இருந்தது, மிட்டாய் பாக்கெட்டிலும் பொம்மைக் கடையிலும். அந்த மட்டில் நமக்குத் தொந்தரவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் தமிழுக்கும் செய்துவிட்டான். எந்த எழுத்துக்கும் ஒரு எலும்பு உண்டு, கோடு எங்கே மெலிய வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்று. அந்த எலும்பையெல்லாம் உருவிவிட்டுக் காற்றடித்தால் வருவதுதான் இது. 'ண' மூன்று சுழியும் ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாகிவிடும். 'ஞ' என்னவென்று பெற்றவனுக்கே அடையாளம் தெரியாது. புள்ளிகள் பந்து மாதிரி மேலே மிதக்கும். கஸ்டமர்கள் பலூன் எழுத்து, குண்டு எழுத்து, பபுள்கம் எழுத்து என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கேட்பார்கள். நான் வைத்த பெயர் இட்லி எழுத்து. தட்டில் மாவு ஊற்றி வேகவைத்த மாதிரிதானே இருக்கிறது? இட்லியாவது வயிற்றுக்கு ஆகும்.

அழகில்லை என்பதைக்கூட மன்னித்துவிடலாம். அதன் பெரிய குற்றம் இடத்தைத் தின்பது. ஒழுங்கான எழுத்தில் ஒரு வரியில் அடங்குகிற பெயர் இதில் மூன்று வரி கேட்கும். சுருக்கினால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிக்கவே முடியாது. ஆகவே பெரிதாகத்தான் போட வேண்டும். பெரிதாகப் போட்டால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் தள்ளிக்கொண்டு, பஸ் சீட்டில் காலை அகட்டி உட்கார்ந்திருக்கும் ஆளைப் போல உட்கார்ந்துகொள்ளும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

காதுகுத்துக்குப் போட்டார்கள், சரி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள், அதுவும் சரி. பஞ்சுமிட்டாய், பானிபூரி, கூல் டிரிங்ஸ் என்று வந்தது, பேசாமல் அடித்துக் கொடுத்தேன். பிறகு பல் ஆஸ்பத்திரி வந்தது. எலும்பு முறிவு வைத்தியம் வந்தது. காலொடிந்து வருகிறவனுக்கு எதிரே பலூன்! சென்னீர்குப்பத்திலிருந்து செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் லாரிக்காரர் ஒருவர் வந்து, லாரி டேங்க்கில் ஒட்ட அதே எழுத்தில் ஸ்டிக்கர் கேட்டார், அதுவும் ரோஸ் கலரில்.

"எதுக்குங்க இந்த எழுத்து? கறுப்புல தெளிவா நம்பர் இருந்தா போதாதா?" என்றேன்.

"இல்லம்மா, வண்டிய பாத்தா ஜனங்க மூக்கப் புடிச்சிகினு போறாங்க. எழுத்து ஜாலியா இருந்தா கொஞ்சம் சிரிச்சிகினு போவாங்கன்னு பாத்தேன்."

ஒட்டிக் கொடுத்தோம். மூக்கைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்கள். அந்த மனுஷரிடமாவது ஒரு காரணம் இருந்தது. மற்றவர்களுக்கு அதுகூடக் கிடையாது, எதிர்க் கடைக்காரன் போட்டிருக்கிறான், நமக்கும் போடு, அவ்வளவுதான்.

ஒருநாள் அண்ணன் தம்பி இரண்டு பேர் கண்ணீர் அஞ்சலிக்கு அதே எழுத்தைக் கேட்டு வந்தார்கள். அப்பா இறந்து சாயந்திரம் எடுக்கிறார்கள், மதியத்துக்குள் போர்டு வேண்டும். நான் முடியாது என்றேன். தம்பி சண்டைக்கு வந்தான். "எங்க நைனாவுக்கு நாங்க எப்டி வோணா போடுவோம், உனுக்கின்னா?" என்றான். தணிகாசலம் அவன் கேட்டபடியே மாதிரி எடுக்கச் சொல்லிச் சுவரில் ஒட்டினார், கையை எதிர்ப்பக்கம் காட்டினார். இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றார்கள். அங்கேயிருந்து பார்த்தால் மாலை போட்ட கிழவரின் படத்துக்கு மேல் கண்ணீர் அஞ்சலி பளபளவென்று குதித்துக்கொண்டிருந்தது. மூத்தவன் திரும்பி வந்து, "யம்மா, எங்க நைனாக்கு பர்த்டே மாரி கீது. நீ உன் இஷ்டத்துக்கே போட்டுடு" என்று சொல்லிவிட்டு, வாசல் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். அதற்குப் பிறகு நான் கஸ்டமரோடு வாதாடுவதைக் குறைத்துக்கொண்டேன். சொல்லிப் புரிவதைவிட ரோட்டைத் தாண்டிப் போனால் சீக்கிரம் புரிகிறது.

இனி கஜேந்திரன்.

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் மண் அள்ளும் ஜேசிபியும் டிப்பர் லாரியும் வாடகைக்கு விடுபவன். முப்பத்தைந்து வயசு இருக்கும். கழுத்தில் நாய்ச் சங்கிலி கனத்துக்குத் தங்கம். தன் பெயரைத் தானே "ஏரிக்கரை கஜேந்திரன்" என்று முழுசாகத்தான் சொல்வான், எங்கே பெயரில் பாதி போய்விடுமோ என்று பயந்தவனைப் போல. ஏரியில் பாதியை அவனுடைய வண்டிகள்தான் அள்ளியிருந்தன, அது வேறு கதை. அன்றைக்கு அவனுடைய அக்கா மல்லிகாவையும் அக்காள் மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தான்.

"யக்கா, நம்ம பாப்பா பெரிய மன்ஷி ஆய்ட்சி. வர்ற ஞாய்த்துக்கெழம மண்டபத்துல ஃபங்ஷன். சும்மா ஊரே திரும்பிப் பாக்கணும். ஸ்கூலாண்ட ரோட்டு முக்கு கீதுல்ல, அங்க இருக்கறதுலயே பெரிய சைஸ்ல ஒரு போர்டு. பாப்பா போட்டோ நடுவுல ஆள் ஒசரத்துக்கு வோணும்."

கடை முழுக்கக் கேட்கிற குரல். ஐடி கார்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த கம்பெனிப் பையன்கள் மூன்று பேரும் தலையைத் திருப்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் பெயர் ஹரிணி. ஒன்பதாம் வகுப்பு. இன்னும் சீருடையில்தான் இருந்தாள். சுவரில் ஒட்டியிருந்த பழைய போர்டு மாதிரிகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுவருக்குள் போய்விட வழியிருந்தால் போயிருப்பாள்.

கஜேந்திரனுக்குப் போன் வந்தது, கத்திக்கொண்டே வெளியே போனான். அவன் அக்கா, போனிலிருந்து போட்டோவை எங்கள் நம்பருக்கு அனுப்பத் தெரியாமல் பிரகாஷ் வேலைக்கு வருவதற்கு முன்னால் கடையில் இருந்த பையனிடம் கொடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஹரிணி என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, என் போட்டோ போடாதீங்க. பேரும் வேணாம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எங்க கிளாஸ் பசங்க எல்லாம் அந்த வழியாத்தான் வருவாங்க. போன மாசம் பக்கத்து செக்‌ஷன்ல ஒரு பொண்ணுக்கு இதே மாதிரி வெச்சாங்க. அந்தப் போர்டுல இருந்ததப் படிச்சுக் காட்டியே அவள அழ வெச்சாங்க. அவ இப்ப ஸ்கூலுக்கே வர்றதில்ல."

"உங்க மாமாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சிரிச்சாரு."

"அம்மா?"

"மாமாதான் நகை, பொடவ எல்லாம் எடுக்கறாரு, அவர் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க. அப்பா எதுவுமே பேச மாட்டாரு."

அதற்குள் அவன் உள்ளே வந்துவிட்டான். அவள் சுவருக்கே திரும்பிப் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? எனக்கு நடந்தபோது ஃப்ளெக்ஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. குவார்ட்டர்ஸில் அம்மா நாலு வீட்டுக்குப் புட்டு கொடுத்தனுப்பினாள், அவ்வளவுதான். அதற்கே தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் என்னைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்தினார்கள். எத்தனையோ நாள் மாடிப்படியில் இறங்கும்போது காது எரியும். அந்த எரிச்சலையே ஆள் உயரத்துக்கு அடித்து, பள்ளிக்கூட வாசலில் கட்டி, ராத்திரிக்கு லைட்டும் போடப் போகிறான் இந்த முட்டாள். அதற்கு டிசைன் செய்யப் போகிறவள் நான். இதைவிடக் கேவலமாக எனக்கு என் வேலையின் மேல் வெறுப்பு வந்தது கிடையாது.

ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாலு கடை தள்ளி இன்னொரு மெஷின் இருக்கிறது, அங்கே இன்னும் பெரிதாக அடித்துக் கொடுப்பார்கள். மறுநாள் வந்து மாதிரியைப் பார்க்கும்படி அவனிடம் சொல்லி அனுப்பினேன்.

எப்போதும் செய்கிறபடியே ஒரு மாதிரி செய்தேன். நடுவில் பெண்ணின் படம், மேலே விழாவின் பெயர், கீழே ஓரத்தில் "தாய்மாமன் ஏரிக்கரை கஜேந்திரன்". நல்ல மெலிந்த, படிக்கத் தெளிவான எழுத்து. கெஞ்சிப் பார்ப்பது, புத்தி சொல்வது என்று இரண்டு வழியும் மனசில் இருந்தன. அந்தப் பெண் கேட்டபோதே சிரித்தவன், நான் சொல்லியா கேட்பான் என்பதும் தெரிந்தே இருந்தது.

மறுநாள் சிநேகிதர்கள் இரண்டு பேரோடு வந்தான். அக்கா வரவில்லை, பெண்ணும் வரவில்லை. திரையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாக்கா இது? என் பேரு கொசு மாரி கீது. செலவு பண்றவன் நானு."

"பெரிசு பண்ணிடலாம்."

"அந்த எழுத்து கீதே, உப்பிகினு, பலூன் கணக்கா, மேல பளபளான்னு? அத்த போடு."

போட்டேன். இட்லி எழுத்து எப்போதும் போல உட்கார்ந்தது. 'ஏரிக்கரை'க்கு ஒரு வரி, 'கஜேந்திரன்' அதற்குக் கீழே ஒரு வரி. படத்தின் முழங்காலுக்குக் கீழே இருந்ததெல்லாம் மறைந்துவிட்டது. நான் சுட்டியைப் பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அந்தத் திரையைப் பார்த்தேன். இத்தனை வருஷம் இந்த எழுத்தை எதற்காகத் திட்டினேனோ, அதுவே கண் முன்னால் வேலை செய்துகொண்டிருந்தது.

"தம்பி, பேரு போட்டோ மேல ஏறுது. பேரைச் சின்னதாக்கவா, போட்டோவைச் சின்னதாக்கவா?" என்று கேட்டேன். குரலில் சர்க்கரை போட்டுத்தான் கேட்டேன், மறைக்கவில்லை.

"பேர ஏன்க்கா தொடுற? போட்டோவ கொஞ்சம் கம்மி பண்ணு."

கம்மி செய்தேன். "தாய்மாமன்னு மேல வேண்டாமா? அதையும் இதே எழுத்துல போட்டாத்தான் ஜோடியா இருக்கும்" என்றேன்.

"கரெக்ட்டு! அத்த போடு மொதல்ல."

போட்டேன். படம் மார்பளவாயிற்று. கூட வந்தவனில் ஒருத்தன், "அண்ணாத்தே, உன் போட்டோ எங்க?" என்றான். அதுவும் நியாயம்தானே! கறுப்புக் கண்ணாடியோடு ஜேசிபி மேல் சாய்ந்துகொண்டு எடுத்த படம் ஒன்று அவன் போனில் தயாராக இருந்தது. அதற்கு இடது பக்கம் முழுக்க ஒதுக்கினேன். இப்போது இன்னொருத்தனுக்கு மூக்கு வியர்த்தது. "மாமே, நண்பர்கள் சார்பாகன்னு எங்க பேர்லாம் போடமாட்டியா?" என்றான். நண்பர்களின் பெயர்களைச் சாதாரண எழுத்தில் வரிசையாகப் போட்டேன். கஜேந்திரனுக்கு மட்டும் பளபளப்பு, எங்களுக்கு இல்லையா என்று உடனே முறைத்துக்கொண்டார்கள். அவர்களையும் ஊதிவிட்டேன். கேட்க ஆளில்லாத அந்தப் பெண்ணின் படம் ஒவ்வொரு முறையும் ஒரு படி சுருங்கி, கடைசியில் வலது பக்க மூலையில், ரேஷன் கார்டில் இருக்குமே அந்த அளவுக்கு வந்து நின்றது.

"இந்த அளவுல அடிச்சா முகம் கலங்கித்தான் தெரியும் தம்பி. பார்க்கிறவங்க ஏதாவது சொல்லுவாங்க. எடுத்துடலாமா?"

அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "தூக்குக்கா. பத்திரிகைல பாப்பா போட்டோ பெருசா போட்டுகினுதான் கீறோம். ரோட்டுக்கு எதுக்கு?"

ரோட்டுக்கு எதுக்கு! அந்தப் பெண் முன்னாலேயே அவனிடம் கேட்டது அதைத்தானே? அவளிடமிருந்து கேட்டபோது சிரிப்பு வந்தது, தன் பெயருக்கு இடம் வேண்டும் என்றதும் புத்தி வந்துவிட்டது.

மிஞ்சியது ஒரு வரி. மேலேயிருந்து அடிக்குத் தள்ளப்பட்டு, "செல்வி ஹரிணியின் மஞ்சள் நீராட்டு விழா" என்று நல்ல எழுத்தில், சின்னதாக. அதை எடுக்கவா என்று கேட்டதும் முதல்முறையாகத் தயங்கினான்.

"பாப்பா பேரு இல்லாம எப்டிக்கா? எங்கக்கா இன்னா சொல்லும்?"

சிநேகிதர்களும் ஆமாம் என்றார்கள். முகம் இல்லாவிட்டாலும் அந்த ஒரு வரி போதும், வகுப்புப் பையன்கள் படித்துக் காட்ட. நான் வற்புறுத்தினால் சந்தேகம் வந்துவிடும், பழையபடி ஆள் உயரப் படத்துக்கே போனாலும் போவான். அப்போது பின்னால் மெஷின் பக்கத்திலிருந்து தணிகாசலம் வந்தார். திரையை ஒரு பார்வை பார்த்தார். பாக்கைக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"மாதிரி எடும்மா. தம்பி, ரோட்டத் தாண்டிப் போய்ப் பாரு."

எடுத்தேன். அவரே கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினார். மூன்று பேரும் கையைக் காட்டி ஒரு தண்ணீர் லாரியை நிறுத்தி, ரோட்டைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கம் டயர் கடை வாசலில் நின்றார்கள். வாசலில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். வாயெல்லாம் பல். சிநேகிதன் போனை எடுத்து அவனையும் சுவரையும் சேர்த்துப் படம் பிடித்தான். தன் பெயரை இவ்வளவு கொழுப்பாக அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

திரும்பி வந்தவன் மூச்சு வாங்க, "செமக்கா! அங்கருந்து பாத்தா பேரு சும்மா அள்ளுது. கீழ மட்டும் எறும்பு ஊர்ற மாரி இன்னாமோ ஒரு லைன் கீது பாரு, அது இன்னான்னே தெரில, அசிங்கமா கீது. அத்த எடுத்துட்டு 'வருக வருக'ன்னு போட்டுடு. இதே எழுத்துல" என்றான்.

அந்த எறும்பு அவனுடைய அக்காள் மகள். அவளுக்காகத்தான் அந்தப் போர்டே.

எடுத்துவிட்டேன். 'வருக வருக' என்று இரண்டு முறை ஊதினேன், அவன் பெயருக்குக் கீழே அவன் சொன்ன விழாப் பெயரையும் சேர்த்தேன். "தாய்மாமன் ஏரிக்கரை கஜேந்திரன் வழங்கும் மாபெரும் சீர்வரிசை விழா", அடியில் நண்பர்கள், பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி, ஜேசிபி. மண்டபத்தின் பெயர்கூட அதில் இல்லை, இடம் எங்கே இருந்தது? அவன் சரி என்று சொல்லிவிட்டுப் போனான். கடைச் சட்டப்படி இனி வாய் மாறக் கூடாது.

அவன் போனபிறகு தணிகாசலம் திரையின் முன்னால் வந்து நின்றார்.

"நேத்து அந்தப் பொண்ணு போட்டோ ஒண்ணு வந்துச்சே?"

"இடம் பத்தல சார்" என்றேன்.

"செரி" என்றார்.

அது எந்தச் "செரி" என்று எனக்குத் தெரிந்தது. முந்தின நாள் அவரும் கடையில்தான் இருந்தார். அவருக்கும் இரண்டு பெண்கள்.

திங்கட்கிழமை மாலை கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, பருத்திப்பட்டில் இறங்கி அந்த முக்கு ரோட்டுக்குப் போனேன். சனிக்கிழமை ராத்திரி கட்டிய போர்டை ஃபங்ஷன் முடிந்தும் அவிழ்க்கவில்லை, அவன் பெயர் அல்லவா. எதிரே டீக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு நின்றேன். என் தொழிலில் நான் செய்த மகா அசிங்கம் மஞ்சளும் ரோஸுமாக வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. டீ ஆற்றுகிறவர், "யாரும்மா இது, வார்டு எலெக்‌ஷனுக்கு நிக்கிறானா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கெப்படித் தெரியும் என்றேன்.

பள்ளிக்கூடம் விட்டது. பையன்கள் கூட்டமாக வந்தார்கள், போர்டை அண்ணாந்து பார்த்தார்கள், ஒருத்தன் இல்லாத கண்ணாடியைக் கழற்றி மாட்டி கஜேந்திரனைப் போல நடித்துக் காட்டினான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அதில் யாரையும் படித்துக் காட்டி அழ வைக்க ஒன்றும் இல்லை. அப்புறம் பெண்கள் வந்தார்கள். நாலைந்து பேருக்கு நடுவில் ஹரிணி, கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டே வந்தவள், போர்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கால் தயங்கி நின்றுவிட்டாள். பிறகு மெல்லத் தலையை நிமிர்த்தி, மேலேயிருந்து கீழே வரை ஒவ்வொரு வரியாகத் தேடினாள். எனக்குக் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

கூட வந்த ஒரு பெண் போர்டைக் காட்டி அவளிடம் கேட்டாள்.

"யாருடி இந்தாளு? உங்க ஏரியாதானே, தெரியுமா உனக்கு?"

ஹரிணி கடைசி வரியையும் படித்து முடித்தாள்.

"யாரோ" என்றாள். பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் நடந்து போனாள்.